பக்கத்து வயலின் மஞ்சள் தேமல் உங்கள் பயற்றுக்கு வராமல் தடுப்பது எப்படி

வரப்பின் ஒரு பக்கத்தில் 55 நாள் உளுந்து காய் முற்றி நிற்கிறது. அதில் நாலு செடிக்கு ஒரு செடி எலுமிச்சம்பழ நிறத்தில் மஞ்சளாகிக் கிடக்கிறது. மறுபக்கத்தில் 12 நாள் பாசிப்பயறு முதல் மூவிலையை விரித்துக்கொண்டிருக்கிறது. உளுந்துக்காரர் கவலைப்படவில்லை, ஏனென்றால் அவருடைய காய் பிடித்துவிட்டது. பாசிப்பயற்றுக்காரரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அவருடைய பயிர் பச்சைப்பசேலென்று இருக்கிறது. இன்னும் பத்து நாளில் உளுந்தை அறுப்பார்கள். அன்றைக்கு அந்தச் செடிகளின் இலைகளுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ஈக்கள் எங்கே போகும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை.

மஞ்சள் தேமலுக்கு மருந்து கேட்பவர்களிடம் முதலில் நாள்காட்டியை எடுக்கச் சொல்கிறேன். நோய் வந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. வராமல் தடுப்பது ஒன்றே வழி. அந்தத் தடுப்பில் பெரும்பகுதி, உங்கள் பயிரின் முதல் முப்பது நாளும் பக்கத்துப் பயிரின் கடைசி இருபது நாளும் ஒன்றாக வராமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே அமையும்.

நோய் வரப்பைத் தாண்டும் விதம்

மஞ்சள் தேமலை உண்டாக்குவது ஒரு நச்சுயிரி, அதாவது வைரஸ். தில்லியில் பாசிப்பயற்றில் கண்டறியப்பட்டு 1960இல் முறையாக விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு இன்று இரண்டு நெருங்கிய நச்சுயிரிகள் காரணம் என்று அறியப்பட்டிருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்று மிகுதி. தமிழ்நாட்டிலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் மற்றது மிகுதி. இரண்டும் செடியின் உணவுக்குழாய்த் திசுவில் மட்டுமே வாழ்பவை. அதனால்தான் இலையோடு இலை உரசினாலோ, களையெடுப்பவர் கை பட்டாலோ, பாசன நீர் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் பாய்ந்தாலோ இந்த நோய் பரவுவதில்லை. மண்ணிலும் அது தங்குவதில்லை. நோயுற்ற உளுந்தின் விதையில் நச்சுயிரி இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனினும் வயலுக்கு வயல் பரவ அது நம்பியிருப்பது, உணவுக்குழாய் வரை ஊசியை இறக்கிச் சாறு உறிஞ்சும் வெள்ளை ஈயைத்தான்.

வெள்ளை ஈ என்று சொன்னாலும் அது ஈ இனமன்று. செடிப்பேன் எனப்படும் அசுவினிக்கு உறவான சாறுறிஞ்சி. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட முழுதாக இருக்காது. நோயுற்ற செடியில் கால் மணி நேரம் உறிஞ்சினாலே நச்சுயிரி அதன் உடலுக்குள் போய்விடும். ஆனால் உடனே அடுத்த செடிக்குக் கொடுத்துவிட முடியாது. குடலிலிருந்து உடல் நீர்மத்துக்கும் அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நச்சுயிரி போய்ச்சேர சில மணி நேரம் வேண்டும். அதன்பின் அந்தப் பூச்சி பல நாள் நோயைச் சுமக்கும்: பெண் ஈ பத்து நாள் வரை, ஆண் ஈ மூன்று நாள் வரை என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு ஈகூட ஒரு செடிக்கு நோயைக் கொடுக்கப் போதும். எனவே இங்கே ஈக்களின் எண்ணிக்கையைவிட அவை எங்கிருந்து வந்தன என்பதே முக்கியம். சுத்தமான செடியில் பிறந்து வளர்ந்த நூறு ஈக்களைவிட, மஞ்சளான உளுந்திலிருந்து வந்த ஐந்து ஈக்கள் ஆபத்தானவை.

சாதாரண நாளில் வெள்ளை ஈ அதிகம் அலைவதில்லை. உணவு இருக்கும் வரை செடிவிட்டுச் செடி தாவிக்கொண்டு அதே வயலில் கிடக்கும். பயிர் முற்றி இலை பழுக்கும்போதும், அறுத்துப் போடும்போதும்தான் கூட்டமாகக் கிளம்பும். இளம் பச்சை நிறம் அதை இழுக்கும். காற்று தூக்கினால் நெடுந்தூரம் போகும்: அமெரிக்காவின் அரிசோனாவில் சாயமேற்றி விட்ட வெள்ளை ஈக்களை 2.7 கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்திருக்கிறார்கள். ஆகவே ஒரு வரப்பு நோயைத் தடுக்காது, ஒரு வாய்க்காலும் தடுக்காது.

அந்த ஈ குத்திய பின் செடி பத்துப் பதினைந்து நாள் வரை எதையும் வெளிக்காட்டாது. பிறகு புதிதாக விரியும் இலையில் ஊசிமுனை அளவில் மஞ்சள் புள்ளிகள் தெரியும். அடுத்த இலையில் அவை திட்டுகளாகும். அதற்கடுத்த இலை முழு மஞ்சளாகவே விரியும். முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் நோய் புகுந்த செடியில் பூ குறைந்து, காய் சிறுத்து வளைந்து, மணி சுருங்கி, விளைச்சல் ஏறக்குறைய இல்லாமலே போகும். காய் பிடித்த பிறகு புகுந்தால் இழப்பு சொற்பமே. ஒரே நோய், ஒரே ரகம், ஒரே ஊர். இழப்பில் இவ்வளவு வேறுபாடு வருவது செடியின் வயதால்தான்.

எந்தப் பக்கத்து வயலைக் கண்டு அஞ்ச வேண்டும்

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். நச்சுயிரிக்கு வீடாக இருக்கும் பயிர் வேறு. ஈக்கு வீடாக இருக்கும் பயிர் வேறு. இரண்டுக்கும் ஒருசேர வீடாக இருப்பதுதான் உண்மையான ஆபத்து. உளுந்து, பாசிப்பயறு, சோயா மொச்சை மூன்றும் அந்த வகை. துவரையும் அதில் சேரும். அதில் நோய் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஆனால் ஐந்தாறு மாதம் நிலத்தில் நிற்பதால், ஒரு பட்டத்து உளுந்து முடிந்து அடுத்த பட்டத்து உளுந்து முளைக்கும் வரை நச்சுயிரியைக் கைமாற்றிக் கொடுக்கும் பாலமாக அது இருக்கிறது. வரப்போரம் வீட்டுத் தேவைக்கென்று விட்டு வைத்த நாலைந்து துவரைச் செடிகளைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். களத்துமேட்டிலும் பாதையோரத்திலும் சிந்திய மணியிலிருந்து தானாக முளைத்த உளுந்துச் செடிகளும் அப்படியே.

பருத்தி, கத்தரி, வெண்டை ஆகியவை ஈக்கு மட்டும் வீடு. வெண்டையில் நரம்பெல்லாம் மஞ்சளாகத் தெரியும் நோயைப் பார்த்துவிட்டு, அது உளுந்துக்கு வந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அது வேறு நச்சுயிரி, உளுந்தைத் தொற்றாது. அதேபோல அவரையில் வரும் மஞ்சள் தேமலும் தனியான ஒரு நச்சுயிரியால் வருவது. அது பெரும்பாலும் அவரையோடு நின்றுவிடும். ஆகவே பக்கத்தில் மஞ்சளாக எது தெரிந்தாலும் பதறத் தேவையில்லை. ஆனால் பருத்தியில் பெருகிய ஈக்கூட்டம் நடுவில் இருக்கும் நோயுற்ற உளுந்தில் ஒரு நாள் தங்கிவிட்டு உங்கள் வயலுக்கு வந்தால், பருத்தி படையைக் கொடுத்தது, உளுந்து நஞ்சைக் கொடுத்தது என்று பொருள். காவிரி டெல்டாவில் நெல் தரிசு உளுந்தும் (நெல்லை அடுத்து அதே நிலத்தில் வளரும் உளுந்து) கோடைப் பருத்தியும் அடுத்தடுத்த பங்கில் நிற்கும் ஊர்களில் இந்தக் கூட்டணி சாதாரணமாக நடக்கிறது.

விதைக்கும் நாளைக் குறிப்பது

டெல்டாவின் நிலையையே எடுத்துக்கொள்வோம். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, ஈரம் மெழுகு பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுகிறோம். ஒரு ஊர் முழுக்க ஏறத்தாழ ஒரே காலத்தில் இது நடப்பதால் பயிரெல்லாம் ஒரே வயதாக வளர்கிறது. இளம் பயிருக்குப் பக்கத்தில் கிழட்டுப் பயிர் இல்லை. இந்த முறையின் பெரிய பாதுகாப்பே இதுதான். சிக்கல் தொடங்குவது, ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர் அந்த உளுந்து முற்றும் நேரத்தில் பக்கத்திலேயே கோடைப் பாசிப்பயறு போடும்போது. வெயில் ஏறி, மழையும் இல்லாமல், ஈ வேகமாகப் பெருகும் காலமும் அதுவே. மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். பக்கத்து உளுந்து தை 1 அன்று தெளித்தது, 65 நாள் ரகம் என்றால் பங்குனி 5 வாக்கில் அறுவடை. நீங்கள் தை 10க்குள் தெளித்திருந்தால் அன்றைக்கு உங்கள் பயிருக்கு 55 நாள்; ஈ வந்தாலும் காயைத் தொட முடியாது. நீங்கள் மாசி 20 அன்று விதைத்திருந்தால் அன்றைக்கு உங்கள் பயிருக்கு 15 நாள். இதைவிட மோசமான நாளைத் தேடினாலும் கிடைக்காது. பக்கத்துப் பயிரோடு சேர்ந்து பத்து நாளுக்குள் விதைக்க முடியாதென்றால் அவசரப்படாமல் பொறுத்திருப்பதே நல்லது. அவர் அறுத்து, தாளை உழுது மடக்கிய பின் குறைந்தது 10 முதல் 15 நாள் கழித்து உங்கள் விதை முளைக்குமாறு நாளை வையுங்கள். நோயைச் சுமந்த ஈக்களில் பெரும்பாலானவை அதற்குள் செத்திருக்கும், அல்லது சுமையை இழந்திருக்கும். புதிதாகப் பிறக்கும் ஈக்கு நச்சுயிரியை எடுக்கப் பச்சையாக நிற்கும் பயற்றுச் செடி இருக்காது.

இது ஒருவர் செய்தால் அரைப்பலன். ஒரு வாய்க்கால் பாசனத்துக்காரர் அனைவரும் செய்தால் முழுப்பலன். பிரேசிலில் சில மாநிலங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் நிலத்தில் பீன்ஸ் செடியே நிற்கக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அங்கே பீன்ஸைக் கெடுப்பதும் நமது மஞ்சள் தேமலுக்கு உறவான ஒரு நச்சுயிரி. சுமப்பதும் இதே வெள்ளை ஈ. நம் ஊர்களில் சட்டம் எதற்கு, பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அண்ணே, நீங்க உளுந்தை எப்ப அறுக்கிறீங்க? அதுக்கப்புறம் நான் விதைச்சுக்கிறேன்" என்று கேட்பதில் ஒரு செலவும் இல்லை.

ரகமும் விதையும்

நாளை மாற்ற முடியாத நிலை எல்லாருக்கும் வரும். அப்போது கைகொடுப்பது ரகம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 6, வம்பன் 8, வம்பன் 11 ஆகிய உளுந்து ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்குபவை. ஆடுதுறை 3 போன்ற பழைய ரகம் நெல் தரிசுக்கு ஏற்றதென்றாலும் இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும். பக்கத்தில் முற்றிய பயிர் இருக்கும் நிலத்தில் அதைப் போட வேண்டாம். தாங்கும் ரகம் என்றால் நோயே வராது என்று எண்ணிவிடக் கூடாது. ஈக்கூட்டமும் நச்சுயிரியும் மிகுந்தால் அதிலும் சில செடிகள் மஞ்சளாகும். அப்படி மஞ்சளான செடியிலிருந்து விதைக்கு எடுக்கவே கூடாது.

விதைநேர்த்தியாகக் கிலோ விதைக்கு 5 மி.லி. இமிடாகுளோபிரிட் 600 எஃப்.எஸ். என்ற பூச்சிமருந்தைக் கலந்து நிழலில் உலர்த்தி விதைப்பது, முளைத்த முதல் வாரங்களில் ஈயைத் தள்ளி வைக்கும். ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தைக் கலப்பவர்கள் மருந்தை முதலில் கலந்து உலர்த்திவிட்டு, விதைப்பதற்குச் சற்று முன்பு ரைசோபியத்தைக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நுண்ணுயிர் வீணாகும்.

வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ விதைப்பது நல்ல தடுப்பு. ஆனால் பயற்றோடு ஒரே நாளில் விதைத்தால் சோளம் தலையெடுப்பதற்குள் ஆபத்துக் காலம் கடந்துவிடும். இரண்டு வாரம் முன்கூட்டியே வரப்போரத்தில் போட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் இயலாதென்றால் காற்று வரும் பக்கத்தில் மட்டுமாவது போடுங்கள்: ஆடியில் மேற்கே, தை மாசியில் வாடையும் கொண்டலும் வரும் வடக்கிலும் கிழக்கிலும்.

முதல் முப்பது நாள் காலை நடை

முளைத்த எட்டாம் நாளிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை வயலைச் சுற்றுங்கள். நேரம் முக்கியம். விடிந்து பனி உலராத வேளையில் ஈ மந்தமாக இருக்கும். எட்டு ஒன்பது மணிக்கு மேல் கை பட்டதும் எழும்பும். இலையைத் திருப்பும்போது பறித்து ஆட்டாமல், காம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே மடக்குங்கள். முற்றிய அடியிலையில் தவிட்டுத் துகள் போல ஒட்டிக்கொண்டிருப்பவை இளம்பருவப் பூச்சிகள்; கொழுந்தை ஒட்டிய இலையில் கூரை போலச் சிறகை மடித்து அமர்ந்திருப்பவை வளர்ந்த ஈக்கள். பிறகு அதே செடியின் கடைசியாக விரிந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் தெரியாத ஊசிமுனைப் புள்ளிகள் அப்போது தெரியும். அப்படிப் புள்ளி தெரிந்த செடியைக் கண்டுபிடிக்கும் நாளுக்கும், வழியில் போகிறவர் கண்ணுக்கே மஞ்சள் தெரியும் நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம்தான் உங்கள் கையில் இருப்பது.

புள்ளி கண்ட செடியைப் பிடுங்கும் முன் அதன்மேல் ஒரு நெகிழிப் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே பிடுங்கி, வாயைக் கட்டிவிடுங்கள். வெறுங்கையால் பிடுங்கி வரப்பில் எறிந்தால் அதிலிருந்த ஈக்கள் எழுந்து சுற்றியுள்ள நல்ல செடிகளில் உட்காரும். நோயை நாமே தெளித்தது போலாகும். பைகளைக் குழி வெட்டிப் புதைத்துவிடலாம், அல்லது வெயிலில் இரண்டு நாள் கிடத்தியபின் செடியை மட்டும் எருக்குழியில் போடலாம். 30 நாளுக்குப் பிறகு பிடுங்குவதில் பெரிய பயனில்லை. வயலில் பத்தில் இரண்டு செடிக்கு மேல் நோய் வந்துவிட்டாலும் அப்படியே. பிடுங்குகிற கூலி வீண்.

மஞ்சளெல்லாம் தேமல் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச் சத்து எட்டாவிட்டால் கொழுந்திலைகள் வெளுக்கும். ஆனால் அப்போது நரம்பு பச்சையாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் சீராக வெளுக்கும், அதுவும் ஒரு திட்டில் இருக்கும் எல்லாச் செடிகளிலும் ஒன்றாக. தேமலில் பச்சையும் மஞ்சளும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். நோயுற்ற செடிக்கு அடுத்த செடி நன்றாக நிற்கும்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதை வயலே சொல்லிவிடும். ஒரு வரப்போரம் அடர்ந்து, உள்ளே போகப் போகக் குறைந்தால் அந்த வரப்புக்கு அப்பால்தான் மூலம் இருக்கிறது. அங்கே போய்த் துவரையா, தானாக முளைத்த உளுந்தா என்று பாருங்கள். வயல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் தூரத்திலிருந்து காற்றில் வந்த ஈ, அல்லது விதை. ஒரு செடியைச் சுற்றி வட்டமாகப் பரவினால் உங்கள் வயலுக்குள்ளேயே இரண்டாம் சுற்றுத் தொடங்கிவிட்டது.

ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகளைப் பயிரின் உச்சி உயரத்தில் கட்டுங்கள். பயிர் வளர வளர உயர்த்துங்கள். இது ஈயை ஒழிக்கும் கருவியன்று, எந்தப் பக்கத்திலிருந்து எந்த நாளில் ஈ வந்தது என்று காட்டும் கருவி. எனவே நடுவயலில் மட்டும் கட்டாமல் ஒவ்வொரு வரப்போரமும் ஒன்று இருக்கட்டும்.

தெளிப்பைப் பற்றி

வேப்பங்கொட்டைச் சாறோ, கடையில் கிடைக்கும் வேம்பு மருந்தோ இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளித்தால் ஈயின் பெருக்கம் குறையும். பூச்சி எங்கே இருக்கிறதோ அங்கே படாத தெளிப்பு பணத்தைக் கரைப்பதுதான். இரசாயன மருந்து தேவைப்பட்டால் அந்தப் பயிருக்குப் பரிந்துரைத்ததை, பரிந்துரைத்த அளவில், அடுத்தமுறை வேறு வகைக்கு மாறி அடியுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ அதற்குப் பழகிவிடும். பைரித்திராய்டு என்ற வகைப் பூச்சிக்கொல்லிகளைத் தொடர்ந்து அடித்த வயல்களில் ஈயின் எதிரிகள் செத்து ஈ முன்னைவிடப் பெருகியது பலமுறை கண்ட செய்தி. பூக்கும் பருவத்தில் தேனீ வரும் காலை நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

மிக முக்கியமாக, மஞ்சளான பின் அடிக்கும் தெளிப்பு அந்தச் செடிக்கு எந்த நன்மையும் செய்யாது. தெளிப்பால் பலன் கிடைக்கும் ஒரு தருணம் உண்டு: பக்கத்து வயலை அறுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அவர் இசைந்தால், அவர் வயலின் ஓரத்தில் வேம்பு தெளிப்பது. அறுவடைக்கு இவ்வளவு நெருக்கத்தில் இரசாயன மருந்து கூடவே கூடாது.

வேறு வாகனங்களில் வரும் நச்சுயிரிகள்

எல்லா நச்சுயிரியும் வெள்ளை ஈயில் வருவதில்லை. வாகனம் மாறினால் தடுப்பும் மாறும். தட்டைப்பயற்றிலும் பீன்ஸிலும் இலை கரும்பச்சையும் இளம்பச்சையுமாகத் திட்டுத்திட்டாகிச் சுருங்கினால், அது அசுவினி கொண்டுவரும் தேமலாக இருக்கலாம். அசுவினி சில நொடி குத்தியே நச்சுயிரியை எடுத்து, அடுத்த சில நொடியில் அடுத்த செடிக்குக் கொடுத்துவிடும். மருந்து பட்டுச் சாவதற்குள் அதன் வேலை முடிந்துவிடுவதால் தெளிப்பு இங்கே அநேகமாகப் பயனற்றது. ஆனால் அதன் ஊசியில் நச்சுயிரி நெடுநேரம் தங்காது. ஓரத்துச் சோளத்தில் இரண்டு குத்துக் குத்திவிட்டு வந்தாலே சுத்தமாகிவிடும். இந்த நோய் விதை வழியாகவும் வருவதால், நோயற்ற வயலின் விதைதான் முதல் தடுப்பு.

நிலக்கடலையின் மொட்டுக் கருகல் நச்சுயிரி இலைப்பேனில் வரும்; அது உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, தக்காளி ஆகியவற்றையும் தொற்றும். இலைப்பேன் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே நச்சுயிரியை எடுக்க முடியும், வளர்ந்த பின் பரப்பும். ஆகவே பக்கத்தில் இலைப்பேன் பெருகி வளரும் நோயுற்ற தக்காளியும் கடலையும்தான் கவனிக்க வேண்டியவை. துவரையின் மலட்டுத் தேமலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேனில் காற்றோடு வருகிறது, உளுந்துக்கு வராது. மறுதாம்பாக, அதாவது அறுத்த அடியிலிருந்து மீண்டும் தளிர்க்க விட்ட பழைய துவரையை அகற்றினாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் அறுவடைக்குப் பிறகு

காயைப் பறித்தோ செடியை அறுத்தோ களத்துக்குக் கொண்டுபோன அன்றே வேலை முடிந்துவிடுவதில்லை. அடித்தாளிலிருந்து மீண்டும் தளிர்க்கும் பச்சையில்தான் ஈ தங்கும். அந்த வாரத்துக்குள் ஒரு உழவு போட்டுத் தாளை மடக்குங்கள். வரப்பில் நிற்கும் துவரையில் மஞ்சள் இருந்தால் வெட்டுங்கள். களத்தைச் சுற்றிச் சிந்திய மணி முதல் மழைக்கு முளைத்தால் பூக்கும் முன் கொத்திவிடுங்கள். பக்கத்தில் யாராவது அந்த மாதம் விதைத்திருந்தால், அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். அவர் தன் ஓரத்துப் பொறிகளை மாற்றிவிட்டு, அடுத்த பத்து நாள் காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கட்டும்.